ஆங்கிலோ-சாக்சன் வெள்ளிக் கொக்கிகளும் வார்முனைகளும்: புதிதாகத் தேடுவோருக்கு

இங்கிலாந்தின் உழவு வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்கள் கையில் எப்போதாவது ஒரு சின்னத் தகடு வந்து சேரும். அகழாய்வில் மண் சலிப்பவர்களுக்கும் இது கிடைப்பதுண்டு. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை, கோடுகளுக்குள் கறுப்பு. பார்த்ததும் பழைய டப்பா மூடியின் துண்டு என்றுதான் தோன்றும். ஆனால் அது 9-ஆம் நூற்றாண்டில் ஒருவர் உடையிலோ பையிலோ தைத்திருந்த வெள்ளிக் கொக்கியாக இருக்கலாம்.

இத்தகைய பொருள்களுக்குப் பெரிய சேதம் மண்ணுக்குள் நேர்வதில்லை. எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில், எடுத்தவர் கையால்தான் நேர்கிறது. அதனால் எங்கே தேடுவது என்பதைவிட, கிடைத்ததும் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

எவையெல்லாம் கிடைக்கும்

ஆங்கிலோ-சாக்சன் காலம் என்பது ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 1066 வரை. அந்தக் காலத்தில் உடையைப் பூட்டப் பயன்பட்டவற்றில் பெரும்பகுதி செப்புக் கலவையால் ஆனது, வெள்ளி அரிது. புதியவர் அடையாளம் காணக் கற்றுக்கொள்ள வேண்டிய வெள்ளிப் பொருள்கள் நான்கு வகை.

முதலாவது கொக்கித் தகடு. வட்டமாகவோ முக்கோணமாகவோ ஒரு சிறு தகடு, மேல் விளிம்பில் நூல் கோக்க இரண்டு துளைகள், எதிர்ப்பக்கம் பின்னோக்கி வளைந்த ஒரு கொக்கி. தகடும் கொக்கியும் ஒரே துண்டு, ஒட்டுப்போட்டது கிடையாது. வேலை செய்யும் விதம் ரவிக்கைக் கொக்கியைப் போலத்தான். துளைகள் வழியாகத் துணியிலோ தோலிலோ தைத்துவிட்டு, கொக்கியை எதிர்ப்பக்கத்தில் மாட்டுவார்கள். 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை இவை புழங்கின. எதற்குப் பயன்பட்டன என்பதற்கு நல்ல சான்றுகள் இரண்டு உண்டு. வின்செஸ்டரில் ஒரு கல்லறையில் வெள்ளிக் கொக்கித் தகடுகள் ஒரு ஜோடியாக, எலும்புக்கூட்டின் முழங்கால் அருகே கிடந்தன. காலுறைக் கட்டைப் பூட்டியவை என்று கருதப்படுகிறது. ரோம் நகரின் பழைய மன்றப் பகுதியில் 1883-இல் கிடைத்த ஒரு புதையலில் 800-க்கும் மேற்பட்ட ஆங்கிலோ-சாக்சன் நாணயங்களோடு ஒரு ஜோடி வெள்ளிக் கொக்கித் தகடுகள் இருந்தன. அவற்றில் போப் மரினஸின் பெயர் பொறித்திருந்தது. அவர் 942 முதல் 946 வரை பதவியில் இருந்த இரண்டாம் மரினஸ். அந்த ஜோடி பெரும்பாலும் பணப்பையின் வாயைப் பூட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது வார்முனை: இடைவார் அல்லது சிறு தோல் பட்டையின் நுனி பிசிறாமல் இருக்கவும், நேராகத் தொங்கவும் மாட்டிய உலோக முனை. ஒரு பக்கம் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் தோலைச் செருகி இரண்டு ரிவெட் அடிப்பார்கள். மறுநுனியில், மேலிருந்து பார்த்தபடி ஒரு விலங்கின் முகம்: இரண்டு காதுகள், கண்கள், மழுங்கிய மூக்கு. பக்கங்கள் நடுவில் சற்றே புடைத்திருந்தால் அது கேபர் தாமஸ் என்ற தொல்லியலாளரின் வகைப்பாட்டில் ‘ஏ’ வகை. 9-ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாக இருந்தது இதுதான். மண்ணிலிருந்து வருபவற்றில் பல, ரிவெட் துளைகளின் குறுக்கே உடைந்திருக்கும். தகடு மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான். கலப்பை தட்டினால் முதலில் போவதும் அங்கேதான். ஆகவே விலங்கு முகம் மட்டும் உள்ள அரைத் துண்டைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம்.

மூன்றாவது வட்ட ப்ரூச், அதாவது உடையில் குத்தும் அலங்கார ஊக்கு. இதைக் கண்டெடுப்பவர் மிகச் சிலரே, ஆனால் மற்றவற்றைப் புரிந்துகொள்ள இதைப் பார்த்தே ஆகவேண்டும். நார்ஃபோக்கில் பென்ட்னி தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் 1977-இல் குழி வெட்டும்போது ஆறு வெள்ளி ப்ரூச்சுகள் கிடைத்தன. ஸ்டாஃபர்ட்ஷயரில் பீஸ்டன் டோர் குகையில் 1924-இல் நாணயங்களோடு இரண்டு. ஈலி தீவுப் பகுதியில் சட்டன் என்ற ஊரில் 1694-இல் கிடைத்த 11-ஆம் நூற்றாண்டு ப்ரூச்சின் பின்புறத்தில் எழுத்துகள் உள்ளன: இது எட்வென் என்ற பெண்ணுக்கு உரியது, அவள் தானாகக் கொடுக்காமல் இதை எடுத்துச் செல்பவனை ஆண்டவன் சபிக்கட்டும் என்று. பின்புறத்தைச் சுரண்டித் துடைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. எழுத்து எந்தப் பக்கம் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

நான்காவது ஊசி. தலைப்பகுதியில் வட்டத் தகடோ பன்முக உருண்டையோ இருக்கும். லிங்கனுக்கு அருகில் விதம் ஆற்றிலிருந்து 1826-இல் எடுத்த மூன்று ஊசிகள் சிறு இணைப்புத் தகடுகளால் ஒன்றோடொன்று கோத்தவை. பொன் பூசிய வெள்ளி, 8-ஆம் நூற்றாண்டு. வயலில் பெரும்பாலும் தலை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கிளம்பும் முன்

நில உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குத்தகைக்கு உழுபவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடமும் கேட்க வேண்டும். கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் கிடைத்த பிறகு பேசத் தொடங்கினால் உறவு கெடும்.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் உரிய ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரை இயக்குவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தோண்ட வேண்டும் என்றுகூட இல்லை. நில உரிமையாளர் சரி என்று சொன்னாலும் அது போதாது. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட இடங்களின் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். பொறுப்புக் காப்பீடு உள்ள ஒரு சங்கத்தில் சேர்வதும் நல்லது. பல விவசாயிகள் அதைக் கேட்டுத்தான் அனுமதி தருவார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: சிறு மண்வெட்டி, கையடக்கப் பின்பாயிண்டர் (பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு டிடெக்டர்), ஜிப் வைத்த சிறு பாலிதீன் உறைகள் 20, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, டப்பாவுக்குள் பரப்ப நுரைத் தகடு, அழியாத மை பேனா, இருப்பிடம் காட்டும் கருவி அல்லது தொலைபேசி. பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் உடைந்த கொக்கியில் சிக்கி, பிரித்தெடுக்கும்போது துணுக்குகளையும் கூடவே இழுத்துவரும். பித்தளைப் பிரஷ், ஸ்டீல் நார், துடைக்கும் ஈரத்தாள் எதையும் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கையில் இருந்தால் பயன்படுத்தத் தோன்றும்.

வயலில்

வெள்ளி என்றால் டிடெக்டர் உயர்ந்த எண்ணைக் காட்டும் என்று புதியவர்கள் கேட்டிருப்பார்கள். பெரிய வெள்ளி நாணயத்துக்கு அது பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள, செம்பு கலந்த, உடைந்த கொக்கித் தகட்டுக்குப் பொருந்தாது. குளிர்பான டின்னின் இழுவளையம் காட்டும் அதே நடுப்பகுதியில்தான் பல சமயம் இதுவும் ஒலிக்கும். இழுவளையங்களைத் தவிர்க்க அந்தப் பகுதியை அடைத்துவைத்தால் இந்த வகைப் பொருள்களையும் சேர்த்தே அடைத்துவிடுவீர்கள். இரும்பை மட்டும் ஒதுக்குங்கள். மற்ற ஒலி எல்லாவற்றையும் தோண்டிப் பாருங்கள். டிடெக்டரின் அடியில் உள்ள தட்டையான தலையான காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி விழும்படி நகர்த்துங்கள்.

தோண்டும்போது ஒலி வந்த இடத்தின் நடுவில் மண்வெட்டியைப் பாய்ச்சக் கூடாது. ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் வெட்டி, மண்ணை ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுங்கள். கட்டியையும் குழியையும் பின்பாயிண்டரால் தடவிப் பார்த்து, பொருள் எதில் இருக்கிறது என்று தெரிந்தபின் கையால் உடையுங்கள். மண்வெட்டி பட்ட புது வெட்டுக்காயம் வெள்ளியில் பளிச்சென்று தெரியும். அதை யாராலும் மறைக்க முடியாது.

எவ்வளவு ஆழம்? உழவு மண் பொதுவாக 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை. அதற்குள் உள்ளவை ஏற்கெனவே கலப்பையால் புரட்டப்பட்டவை. அவற்றை எடுப்பதால் புதிதாக எதுவும் கலையாது. அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறினாலோ, கெட்டியான அடுக்கு வந்தாலோ, ஒலி இன்னும் ஆழத்திலிருந்து வந்தாலோ கையை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கான அறிகுறிகள் வேறும் உண்டு. ஒரே குழியில் இரண்டாவது பொருள் தென்பட்டால் அது புதையலாக இருக்கலாம். எலும்பு தென்பட்டால் கல்லறையாக இருக்கலாம். வின்செஸ்டர் ஜோடியை எண்ணிப் பாருங்கள்: முழங்கால் அருகே கிடந்தது என்று பதிவாகியிருப்பதால்தான் அதன் பயன் நமக்குத் தெரிகிறது. அதே இரண்டு கொக்கிகளை ஒருவர் பிடுங்கிப் பையில் போட்டிருந்தால், அவை இன்று அழகான இரண்டு தகடுகள் மட்டுமே. இப்படிப்பட்ட இடத்தில் மண்ணை மெல்ல மூடி, இடத்தைக் குறித்து, நில உரிமையாளருக்கும் அந்த வட்டாரத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலருக்கும் (மக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்பவர்) சொல்லுங்கள். மனித எலும்பு என்று தோன்றினால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும்.

இடத்தைக் குறிப்பதில் சோம்பல் கூடாது. பிரிட்டனின் தேசிய வரைபடக் கட்டத்தில் 6 இலக்க எண் 100 மீட்டர் சதுரத்தையும், 8 இலக்கம் 10 மீட்டர் சதுரத்தையும், 10 இலக்கம் 1 மீட்டர் சதுரத்தையும் காட்டும். குறைந்தது 8 இலக்கம் எடுங்கள். பொருள் உள்ள உறையின் மேலேயே எண், தேதி, ஆழம் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் உறைகள் கலந்துவிடும்.

முதல் ஒரு மணி நேரம்

இனி, இந்தக் கட்டுரையை எழுதுவதற்கே காரணமான பகுதி.

9-ஆம் நூற்றாண்டு வெள்ளி வேலைப்பாட்டில் செதுக்கிய பள்ளங்களைக் கறுப்பான ஒரு பொருளால் நிரப்பினார்கள். அதன் பெயர் நியெல்லோ. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். பள்ளத்தில் அழுத்தி, சூடாக்கி, பின் மேற்பரப்பைத் தேய்த்து மட்டப்படுத்தினால் வெள்ளித் தரையில் கறுப்புக் கோடாக உருவம் நிற்கும், அல்லது கறுப்புத் தரையில் வெள்ளி விலங்கு நிற்கும். உருவமே அந்தக் கறுப்பால் ஆனது.

நம் வீட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழும் கொலுசும் நாளடைவில் கறுத்துப் போகின்றன அல்லவா, அந்தக் கறுப்பும் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த அதே சேர்மம்தான். இங்கேதான் ஆபத்து. வெள்ளியின் கறுப்பைப் போக்கக் கடையில் விற்கும் எந்தத் திரவத்துக்கும், படிந்த கறுப்பு எது, கைவினைஞர் நிரப்பிய கறுப்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தயோயூரியாவும் அமிலமும் கலந்த அத்தகைய திரவத்தில் ஒரு நிமிடம் முக்கியெடுத்தால் தகடு பளபளக்கும், விலங்கு கரைந்துபோயிருக்கும். மிஞ்சுவது வெறும் பள்ளங்கள்.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீர் முறையை மென்மையானது என்று பலர் பரிந்துரைப்பார்கள். அதுவும் இதே சேர்மத்தைத்தான் சிதைக்கிறது. மின்பகுப்புத் தொட்டி நியெல்லோவையும் பொன் பூச்சையும் உரித்துவிடும். அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நியெல்லோவை உதிர்த்துவிடும். எலுமிச்சை, வினிகர், புளி போன்ற புளிப்புகள் செம்பின் பச்சைக் களிம்பைக் கரைக்கும். கரைந்த செம்பு மறுபடி வெள்ளியின் மேலேயே இளஞ்சிவப்பாகப் படியக்கூடும். விபூதியும் பற்பசையும் பல்பொடியும் தேய்த்துச் சுத்தம் செய்யும் தூள்கள். விளக்குக்கு அது போதும். 1,100 ஆண்டு மண்ணில் கிடந்து மென்மையான தகட்டில் அவை நுண்ணிய கீறல்களை உண்டாக்கி, உளியின் தடத்தை அழித்துவிடும்.

அந்தக் கறுப்பு எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு ஃபுல்லர் ப்ரூச்சைச் சொல்லலாம். 11.4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளி வட்டம், 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. நடுவில் அகன்ற கண்களோடு பார்வை. சுற்றிலும் வாயில் கை வைத்த சுவை, செடிகளுக்கு நடுவே மணம், இரு கைகளையும் ஒன்றோடொன்று தேய்க்கும் தொடு உணர்வு, காதருகே கையை வைத்தபடி ஓடும் கேள்வி என ஐம்புலன்களையும் மனித உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறதே, இது போலியாகத்தான் இருக்கும் என்று நெடுங்காலம் அறிஞர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதன் நியெல்லோ எந்த வகையைச் சேர்ந்தது என்ற ஆய்வு, அது உண்மையானது என்பதற்கான சான்றுகளில் ஒன்றாக அமைந்தது. யாராவது அதைப் பளபளப்பாக்கிச் சுரண்டியிருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒட்டியிருக்கும் மண்ணோடு உறையில் போடுங்கள். தளர்ந்த மண் கட்டி தானாக உதிர்ந்தால் உதிரட்டும்; நகத்தால் பெயர்க்க வேண்டாம். எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டாம். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மண்ணில் உள்ள மணல்தான் அப்போது உப்புத்தாளாக வேலை செய்யும்.

வளைந்த கொக்கியை நிமிர்த்தக் கூடாது. புதிய வெள்ளி வளையும், நிமிரும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளிக்கலவை உள்ளுக்குள் மணிமணியாகப் பிரிந்து நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். வெளியே உறுதியாகத் தெரிவதை நம்பி விரலால் அழுத்தினால் முறுக்குப் போல ஒடியும்.

துளைகளையும் வார்முனையின் பிளவையும் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். உலோகத்தின் களிம்பு ஊறியதால் நூலோ தோலோ அழுகாமல் அங்கே தங்கியிருக்க வாய்ப்புண்டு. ஸ்காட்லாந்தில் 2014-இல் கிடைத்த காலோவே புதையலில் ஆங்கிலோ-சாக்சன் வெள்ளி ப்ரூச்சுகளும் இருந்தன. அதே புதையலின் மூடியிட்ட பாத்திரத்தைச் சுற்றியிருந்த துணிகள் இன்றும் ஆய்வுக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், யாரும் அவற்றை அழுக்கென்று நினைத்து உரிக்காததுதான்.

வீட்டில் வைத்திருக்கும் முறை

பொருள் ஈரமாக இருந்தால் நிழலில், அறை வெப்பத்தில் மெல்ல உலரவிடுங்கள். வெயில், அடுப்பு மேடை, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். திடீரென உலர்ந்தால் மண் சுருங்கி நியெல்லோவையும் சேர்த்து இழுக்கும். ஆனால் தோல், துணி, நூல் போன்ற எதுவாவது தென்பட்டால் உலர்த்தவே கூடாது. அதே ஈர மண்ணோடு மூடிய டப்பாவில் போட்டு, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, உடனே அலுவலரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

உலர்ந்த உலோகத்துக்கு: ஜிப் உறையில் ஊசியால் சில துளைகள் இட்டு, உள்ளே பொருளின் அளவுக்குப் பள்ளம் வெட்டிய நுரைத் தகட்டில் பொருளை இருத்துங்கள். உறைகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றையும் அருகில் வைக்காதீர்கள். முதல் இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுப்பாக்கும். செய்தித்தாளில் அமிலம் உண்டு. மர அலமாரியும், குறிப்பாக ஓக் மரம், நல்லதல்ல. அதிலிருந்து வரும் ஆவி உலோகங்களை அரிக்கும். ஒட்டும் டேப்பை நேரடியாகப் பொருளில் ஒட்டவே கூடாது.

அடையாளம் காணுதல்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். மேசைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, தகட்டைக் கையில் எடுக்காமல் நுரையோடு சேர்த்துத் திருப்பிப் பாருங்கள்.

9-ஆம் நூற்றாண்டின் அலங்காரத்துக்கு ட்ரீவிடில் பாணி என்று பெயர். கார்ன்வாலில் செயின்ட் ஆஸ்டல் அருகே, 1774-இல் தகரத்தாது எடுத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கண்ட புதையலிலிருந்து வந்த பெயர். அதில் இருந்த நாணயங்களைக் கொண்டு அது சுமார் 868-இல் புதைக்கப்பட்டது என்று கணக்கிட்டார்கள். அதனால் இந்தப் பாணிக்கு உறுதியான ஒரு தேதி கிடைத்தது. லென்ஸில் தேட வேண்டியவை: மேற்பரப்பு சிறு சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும், கட்டங்களின் எல்லையில் மணி கோத்தது போன்ற விளிம்பு ஓடும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தனியாக ஒரு சிறு விலங்கு, தலையைத் திருப்பியோ தன் உடலையே கடித்தோ முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன் உடலின் ஓரத்தில் வரிசையாகச் சிறு வெட்டுகள் இருக்கும். இந்த வெட்டுகளே மிக நம்பகமான அடையாளம். வால் சில சமயம் இலையாக முடியும். கட்டம் மிகச் சிறியதாக இருந்தால் விலங்குக்குப் பதில் ஓர் இலைக்கொழுந்து மட்டும் இருக்கும். வார்முனையில், இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே விசிறி போன்ற ஓர் இலை உருவம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழப்பும் பொருள்கள் சில உண்டு. 16-ஆம் நூற்றாண்டு டியூடர் காலத்தின் உடைக் கொக்கிகளும் வெள்ளியே, பல சமயம் பொன் பூசியவை. அவற்றுக்கு விளிம்பில் துளைகள் கிடையா. துணியில் தைக்கப் பின்புறத்தில் தனியாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும், கொக்கியும் தனியாகப் பின்னால் பொருத்தியது. முன்புறம் பெரும்பாலும் அரைக்கோள மொட்டுகளும் முறுக்குக் கம்பி வேலையும் இருக்கும். துளைகள் தகட்டிலேயே உள்ளனவா, கொக்கி தகட்டோடு ஒரே துண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் இரு காலங்களையும் பிரித்துவிடலாம். டியூடர் கொக்கியும் வெள்ளியாக இருந்தால் அறிவிக்க வேண்டியதே என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பம், வெள்ளீயம் பூசிய செப்புக்கலவை. மேலே வெண்மை, உடைந்த விளிம்பில் பச்சையோ பழுப்போ தெரியும். உண்மையான வெள்ளியிலும் செம்பு கலந்திருப்பதால் பச்சைக் களிம்பு இருக்கத்தான் செய்யும். பச்சையைக் கண்டதும் வெள்ளி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் தீர நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதோ, விளிம்பை அரத்தால் ராவிப் பார்ப்பதோ வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகத்தில் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் தொடாமலே சோதிப்பார்கள். அங்கும் ஒரு நுணுக்கம் உண்டு. மண்ணில் கிடக்கும்போது மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து போய்விடுவதால் மேல்தோலில் வெள்ளியின் விழுக்காடு உள்ளிருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்தான் படிக்க வேண்டும்.

படமும் பதிவும்

படம் நான்கு கோணத்தில்: முன், பின், பக்கவாட்டு, கொக்கி நுனி. பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல், பின்னணி சாம்பல் நிறத் தாள், வெளிச்சம் மேல் இடப்புறத்திலிருந்து. ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளி ஒளியைத் திருப்பி அடித்து நியெல்லோவின் கோடுகள் மறைந்துவிடும். அளக்கப் பிளாஸ்டிக் காலிப்பர் பயன்படுத்துங்கள், உலோகத் தாடைகள் கீறும். எடை 0.01 கிராம் வரை காட்டும் தராசு போதும்.

பதிவு இப்படி இருந்தால் அலுவலருக்கு வேலை எளிது. மாதிரிக்கு ஒன்று: “வெள்ளிக் கொக்கித் தகடு. வட்டம், குறுக்களவு 16.2 மி.மீ., கொக்கியோடு நீளம் 25.4 மி.மீ., தடிப்பு 1.0 மி.மீ., எடை 2.31 கிராம். மேல் விளிம்பில் இரண்டு துளைகள். இடத்துளை விளிம்புவரை தேய்ந்து திறந்துள்ளது. மணி விளிம்புக்குள் பின்னோக்கிப் பார்க்கும் ஒரு விலங்கு, உடலோரத்தில் வெட்டுகள், சுற்றிலும் கறுப்பு நிரப்பு, கீழ் வலப்பக்கம் கறுப்பு உதிர்ந்துள்ளது. கொக்கியின் நுனி பழைய உடைவு. பின்புறம் அலங்காரம் தெரியவில்லை, மண் ஒட்டியுள்ளது. உழவு மண்ணில் 15 செ.மீ. ஆழம்.” துளை தேய்ந்து திறந்திருப்பது போன்ற குறிப்புகளை விடாதீர்கள். நூல் உராய்ந்த அந்தத் தேய்வைக் கொண்டு, பொருள் நெடுநாள் புழங்கியதா, புதிதாகவே தொலைந்ததா என்று சொல்ல முடியும். உடைவு பழையதா புதியதா என்பதும் முக்கியம்: பழைய உடைவு மீதிப் பரப்பின் நிறத்திலேயே இருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும்.

அறிவித்தல்

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். அது 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுக்கு மேற்பட்டதும், எடையில் குறைந்தது 10 விழுக்காடு பொன்னோ வெள்ளியோ உள்ளதுமான பொருள், நாணயமாக இல்லாதவரை, ஒன்றே ஒன்றானாலும் சட்டப்படி புதையல். ஆகவே உடைந்த ஒரு வெள்ளி வார்முனையும் அறிவிக்க வேண்டியதே. அதனோடு சேர்ந்து கிடைத்த சாதாரண இரும்புத் துண்டும் அதே கணக்கில் வரும். மேலே வெள்ளி முலாம் மட்டும் பூசிய செப்புப் பொருள் 10 விழுக்காட்டை எட்டாது. இருந்தாலும் அதைப் பதிவு செய்யக் கொடுப்பது நல்ல பழக்கம். 2023 ஜூலை 30 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதையல் என்பதன் வரையறை இன்னும் விரிந்திருக்கிறது: 200 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்றுக்கு மிக அரிய ஒளி தரும் உலோகப் பொருள்களும் அதில் அடங்கும்.

கெடு 14 நாள். கண்டெடுத்த நாளிலிருந்தோ, இது புதையலாக இருக்கலாம் என்று தெரியவந்த நாளிலிருந்தோ எண்ண வேண்டும். சட்டப்படி அறிவிக்க வேண்டியது கரோனரிடம், அதாவது திடீர் மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரியிடம். நடைமுறையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கண்டெடுப்புகளைப் பதிவு செய்யும் திட்டமான போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் சொன்னால் அவரே ரசீது கொடுத்து மற்றதைக் கவனிப்பார். இந்தத் திட்டத்தின் தரவுத்தளத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. உங்கள் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. துல்லியமான இடக்குறிப்பைக் கொடுத்தால் திருடர்கள் வந்துவிடுவார்களே என்று அஞ்ச வேண்டாம்; பொதுமக்கள் பார்வைக்கு அது காட்டப்படுவதில்லை.

அதன்பின் அருங்காட்சியக வல்லுநர் அறிக்கை எழுதுவார். ஏதாவது அருங்காட்சியகம் வாங்க விரும்பினால் கரோனர் விசாரணை நடக்கும். புதையல் மதிப்பீட்டுக் குழு சந்தை விலையைப் பரிந்துரைக்கும். அருங்காட்சியகம் கொடுக்கும் அந்தத் தொகை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதியாகப் போகும். அகழாய்வில் பணியாற்றும் தொல்லியலாளர்களுக்குப் பரிசுத்தொகை கிடையாது. எல்லாம் முடிய ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கம். பொருளைச் சேதப்படுத்தியவர், அனுமதியின்றி நுழைந்தவர், தாமதமாகச் சொன்னவர் ஆகியோரின் பங்கு குறைக்கப்படும், முற்றிலும் மறுக்கப்படவும் கூடும். மறைத்தால் என்னவாகும் என்பதற்கு, ஹியர்ஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே 2015-இல் கிடைத்த வைக்கிங் காலப் புதையல் வழக்கே போதும். எடுத்தவர்கள் 2019-இல் சிறை சென்றார்கள்; அதைவிட வருத்தம், நாணயங்களில் பெரும்பகுதி இன்றுவரை திரும்பவில்லை.

ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே கண்டெடுக்கும் எந்தத் தொல்பொருளும், எந்த உலோகமானாலும், முடியரசுக்கு உரியது. எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். காலோவே புதையலை 2017-இல் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் 19.8 லட்சம் பவுண்டு பரிசுத்தொகை கொடுத்துப் பெற்றது அந்த முறையில்தான். வட அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம்.

எந்த அருங்காட்சியகமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பொருள் உங்களுக்கோ நில உரிமையாளருக்கோ திரும்பி வரும். அப்போதும் சுத்தம் செய்யும் ஆசை வேண்டாம். உலோகப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுங்கள். அவர் நுண்ணோக்கியின் கீழ், கூரான முள்ளால், மண்ணை மட்டும் மணிமணியாக எடுப்பார். பதிவு எண்ணையும் அறிக்கையின் நகலையும் பொருள் உள்ள டப்பாவிலேயே வையுங்கள். ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: பிரிட்டன் மண்ணிலிருந்து எடுத்த, 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக, அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏற்றுமதி உரிமம் வாங்கியாக வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.